மூணு சீட்டு சோபா, 27 ஸ்பிரிங், நாலு மாச வேலை

நேத்து சாயங்காலம் கடைசி பித்தளைக் கொண்டை ஆணிய அடிச்சு முடிச்சேன். பொங்கல் லீவுல ஆரம்பிச்ச வேலை, ரெண்டு வாரத்துல முடிச்சுருவேன்னு வீட்ல சவடால் விட்டிருந்தேன், இப்போ வைகாசி பொறந்து அக்னி நட்சத்திரம் போட்டு வறுத்துக்கிட்டு இருக்கு. செலவு கிட்டத்தட்ட 24,000 ரூவா, கட்டைவிரல் நகம் ஒண்ணு போயிருச்சு, வெல்வெட்ல ரெண்டு மீட்டர் என் முட்டாத்தனத்துக்கே செலவாச்சு. சோபா நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சத்தம் மட்டும் பாக்கி இருக்கு, அத கடைசில சொல்றேன்.

அம்மாவோட அப்பா வீட்டு சோபா இது. புதுக்கோட்டை வீட்ட விக்கும்போது மாமா போன் பண்ணி "யாராச்சும் வந்து தூக்கிட்டுப் போங்கப்பா, இல்லன்னா பழைய சாமான்காரன்கிட்ட போட்டுருவேன்"னாரு, நான் யோசிக்காம சரின்னுட்டேன். திருச்சிக்கு டெம்போ 2,200. ஏத்தவே நாலு பேரு வேணும், இங்க வந்து மாடிப்படி திரும்பல, அதனால போர்ட்டிகோலயே இறக்கியாச்சு, அன்னைலேர்ந்து கார் ரோட்டுல நிக்குது.

மொத்த நீளம் 72 இன்ச், கைப்பிடிக்கு கைப்பிடி உள்ளளவு 66, ஆழம் 22, உக்கார்ற உயரம் 17. முதுகு நடுவுல 43 இன்ச் வரைக்கும் எழும்பி ரெண்டு பக்கமும் அலை மாதிரி இறங்கும். முன்னங்கால் எல்லாம் வளைஞ்சு வந்து சிங்கப் பாதமா முடியுது. மரம் தேக்கு, உப்புத்தாள் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்தாலே அந்த எண்ணெய் வாசனை வந்துருது. உச்சில நட்டநடுவுல ஒரு இங்கிலீஷ் கிரீடம், அதுக்கு ரெண்டு பக்கமும் மூக்கால கொத்துற மாதிரி ரெண்டு கிளி. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது அந்தக் கிளிதான். யாரோ ஒரு ஆசாரி, எதுக்க ஏதோ வெள்ளக்காரன் படத்த வச்சுக்கிட்டு செதுக்கியிருக்காரு, கிரீடம் வரைக்கும் படத்தப் பாத்திருக்காரு, அதுக்கு மேல கை அதுபாட்டுக்கு நிலைக்கதவு வேலைக்குப் போயிருச்சு.

தாத்தா தேவகோட்டைப் பக்கம் ஒரு செட்டியார் வீட்ல கணக்குப்பிள்ளை. அந்தக் காலத்துல அந்த ஊரு பெரிய வீட்டு முகப்பெல்லாம் பர்மா தேக்குத் தூணு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு இருக்கும், அதுக்கு நடுவுல மெத்தை வச்ச வெல்வெட் சோபா. நம்ம ஊரு வெயிலுக்கு வெல்வெட்டு எதுக்குன்னு கேட்டா, அதுதான் சங்கதியே. வெள்ளக்காரனே இங்க வந்தப்புறம் பெரும்பாலும் பிரம்பு பின்னுன சோபா நாற்காலிய செஞ்சு வாங்கிக்கிட்டான், மெத்தை வச்சா வேர்வைல ஊறும், பூச்சி பிடிக்கும். அப்படியிருக்க ஒருத்தர் செக்கச்செவேல்னு வெல்வெட்டு போட்டு வச்சிருக்காருன்னா, அத தட்டித் தொடைச்சு காய வச்சு காப்பாத்தறதுக்கு அவர்கிட்ட ஆள் இருக்குன்னு அர்த்தம். சோபாவோட சேத்து அந்த ஆளுங்களையும் பாத்துக்கன்னு வந்தவனுக்கு சொல்லாம சொல்றதுதான்.

இதுக்கெல்லாம் பணம் வந்தது பர்மாவுல வட்டிக்கு விட்டதுலேர்ந்தும் அங்க கைக்கு வந்த நிலத்துலேர்ந்தும்தான். 1942ல பர்மாவுக்குள்ள ஜப்பான்காரன் வந்ததோட அந்தப் பணம் ஆட்டம் கண்டுச்சு, 1948ல சுதந்திரம் வாங்குன பர்மா நிலத்த நாட்டுடைமை ஆக்க சட்டமும் போட்டுருச்சு. அப்புறம் பாகப்பிரிவினை, கதவு, தூணு, கண்ணாடி, பீங்கான்னு ஒண்ணொண்ணா வீட்ட விட்டு வெளிய வந்துச்சு. இன்னைக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருல கடை கடையா அடுக்கி வச்சிருக்கறது இப்படி வெளிய வந்த சாமான்தான். அதுல ஒண்ணு தாத்தாகிட்ட வந்துச்சு. 150 ரூவா, மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டாங்களாம், அம்மா அப்போ மூணாப்பு. அதுக்கு முன்னாடி இருவது வருஷத்துக்கு மேல அந்த முகப்புலயே ஓரமா தரைல சம்மணம் போட்டு, சாய்வா மூடி வச்ச கணக்குப்பெட்டிய முன்னாடி வச்சுக்கிட்டு, இதே சோபாவப் பாத்துக்கிட்டுதான் எழுதிக்கிட்டு இருந்திருக்காரு.

சரி வேலைக்கு வர்றேன்.

பாலக்கரைல குஷன் வேலை பாக்குற ஒரு பாய் இருக்காரு, அவரக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். சுத்தி வந்து அடில குனிஞ்சு பாத்தாரு, முட்டிய ஊனி சீட்ட ஒரு அமுக்கு அமுக்குனாரு. "தம்பி, இத பிரிக்கறதே நாலு நாள் வேலை. எனக்கு அதுக்கும் கூலி குடுக்காதீங்க, நீங்களே பிரிங்க. ஆனா ஒண்ணு, எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க, எது மேல எது இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கிட்டே பிரிங்க"ன்னாரு. இந்த நாலு மாசத்துல எனக்குக் கெடச்ச உருப்படியான யோசனை அதுதான். போட்டோ இல்லன்னா திருப்பி அடுக்கத் தெரிஞ்சிருக்காது.

ஆணி பிடுங்க தனியா ஒரு சாமான் இருக்காம், பாய்கிட்ட இருந்தது அவரே செஞ்சது, பழைய ஸ்க்ரூ டிரைவர் நுனிய கிரைண்டர்ல நாக்கு மாதிரி ரெண்டா பிளந்து லேசா வளைச்சது. அதே மாதிரி நானும் ஒண்ணு செஞ்சேன். ஆணித் தலைக்கு அடில குத்தி கொட்டாப்புளியால ஒரு தட்டு, நெம்பு, வந்துரும். எப்பவும் மரத்தோட ரேகை ஓடுற பக்கமாத்தான் நெம்பணும், குறுக்க நெம்புனா சட்டத்து ஓரம் சிராய் சிராயா பேந்துக்கும். இது நாப்பது ஆணி பேத்தப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. பிடுங்குன கருப்பு ஆணிய மட்டும் மளிகைக்கடைத் தராசுல போட்டேன், 800 கிராம். மாஸ்க் போட்டுக்கங்க, விளையாட்டு இல்ல, முதல் நாள் மாஸ்க் இல்லாம பிரிச்சுட்டு மூணு நாள் இருமுனேன்.

முதல்ல இருந்தது பழுப்பு ரெக்ஸின். அதுக்கடில பச்சைல பூப்போட்ட கெட்டித்துணி, அதுக்கும் அடில வெல்வெட். நான் ரோஸ் கலர்னு நெனச்சேன், அப்புறம் முதுகுல ஒரு பட்டனக் கழட்டுனா பட்டன் மூடியிருந்த அந்த எட்டணா அகலத்துக்கு மட்டும் அசல் கலர் அப்படியே இருந்துச்சு, நல்ல பழுத்த மாதுளை முத்து கலர். மத்ததெல்லாம் வெளுத்ததுதான். அந்தத் துண்ட வெட்டி பர்ஸுல வச்சுக்கிட்டேன், துணி எடுக்கப் போகும்போது காட்டறதுக்கு.

வெல்வெட்டுக்கு அடில காடாத்துணி, மெல்லிசா பஞ்சு, அதுக்கடில கருப்பா சுருள் சுருளா ஒரு இஞ்சு உயரத்துக்கு என்னமோ. தேங்கா நாருன்னுதான் நெனச்சேன். ஒரு இழைய எடுத்து தீக்குச்சில காட்டுனேன், சுருண்டு முண்டு கட்டி முடி பொசுங்குற நாத்தம். குதிரை முடி. அதுக்கு அடிலதான் தேங்கா நாரு, ரெண்டு இஞ்சு, சணல் நூல்ல கோணித்துணியோட சேத்து தைச்சு முன்னோரம் மட்டும் வரப்பு மாதிரி உருட்டி கட்டியிருக்கு. இந்த வரப்பு இல்லன்னா சீட்டு ஓரம் மழுங்கிரும். சட்டத்துக்கும் நாருக்கும் நடுவுல அதோட பங்கு என்னன்னு அப்போ எனக்குப் புரியல, பிரிச்சு எடுத்துத் தொலைச்சேன். திருப்பி உருட்டித் தைக்க ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. குதிரை முடிய துவைச்சு காய வச்சு கையால பிச்சு பிச்சு விட்டா பழையபடி எம்பி நிக்குது, அத்தனை வருஷம் அமுங்கிக் கெடந்தது. இப்போ வாங்குற ஃபோம் பத்து வருஷத்துல மாவாயிருது.

இடுக்குல கெடச்சது: ஒரு கொண்டை ஊசி, பாதி சீப்பு, சோழி ரெண்டு, 1944 போட்ட ஓட்டைக் காலணா ஒண்ணு. மூட்டைப்பூச்சி செத்த கூடு ஒரு ஆழாக்கு இருக்கும். அம்மா அத பாத்துட்டு மொத்தத்தையும் ரெண்டு நாள் வெயில்ல போடற வரைக்கும் வாசல் தாண்ட விடல.

அடுத்து சட்டம். ஒரு பின்னங்கால் ஆடுச்சு, இடது கைப்பிடியோட கழுந்து, அதாவது துளைக்குள்ள சொருகுற மர நாக்கு, துளைலேர்ந்து கால் இஞ்சு வெளிய வந்திருந்துச்சு. நான் கெட்டிக்காரத்தனமா அப்படியே மேல மரப்பசைய ஊத்தி கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலைல கிளாம்ப எடுத்து கைய வச்சதும் பொட்டுனு விட்டுருச்சு. பழசெல்லாம் வஜ்ஜிரம், அதான் மாட்டுத்தோல காய்ச்சி எடுக்குற பசை, அத போட்டு ஒட்டுனது, அந்த வஜ்ஜிரம் உள்ள கண்ணாடி மாதிரி காய்ஞ்சு கெடக்கு, அது மேல புதுப்பசை எங்க பிடிக்கும். மொத்தத்தையும் கழட்டி, வெந்நீல நனைச்ச துணிய அரை மணி நேரம் சுத்தி வச்சா வஜ்ஜிரம் கொழகொழன்னு இளகுது, பழைய டூத் பிரஷ் போட்டுத் தேச்சு எடுத்து, ரெண்டு நாள் காய விட்டு, அப்புறம் தேக்குல எண்ணெய் இருக்கறதால தின்னர்ல ஒரு தடவ தொடைச்சுட்டு உடனே பசை போட்டேன். இப்போ நானே மேல ஏறி நின்னு பாத்துட்டேன், அசையல. பின்னங்காலுக்கு புதுக் கழுந்தும் கிளிக்கு புது மூக்கும் ஆசாரி வச்சுக் குடுத்தாரு, ஒன்றரை நாள் கூலி 1,800. புது மூக்கு கொஞ்சம் நீளம். பழசு மாதிரியே இருக்கணும்னு நான் சொல்லல, சொல்லியிருக்கணும்.

இனிமே ஸ்பிரிங். இந்த சோபாவுல என்னைய உக்கார வச்சு யோசிக்க வச்சது இந்த இடம்தான்.

அடில சணல் பட்டை குறுக்கும் நெடுக்குமா பாய் மாதிரி பின்னி அடிச்சிருக்கும், அதுக்கு மேல ஸ்பிரிங்க தைச்சு நிறுத்தியிருக்கும். வரிசைக்கு 9, மூணு வரிசை, மொத்தம் 27. ஒவ்வொண்ணும் உடுக்கை மாதிரி, மேலயும் கீழயும் அகலம், இடுப்பு ஒடுக்கம். ஐரோப்பாவுலயே 1820கள்லதான் ஸ்பிரிங் வச்ச இருக்கைக்கு பேட்டன்ட் வாங்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி ராஜா உக்காந்தாலும் முடியும் இறகும் அடைச்ச மெத்தைதான். அறுத்து எடுக்கும்போதே சாக்பீஸால இடது ஓரத்துலேர்ந்து நம்பர் போட்டுக்கிட்டு வந்தேன், எல்லாத்தையும் தரைல வரிசையா நிறுத்துனா, வலது சீட்டு ஒம்போதும் 8 இன்ச். நடு சீட்டு ஏழே முக்கால், சிலது 8. இடது சீட்டு ஒம்போதும் படுத்துருச்சு, 6, அஞ்சே முக்கால், ஒண்ணு அஞ்சரை.

பாய் வந்து பாத்துட்டு சிரிச்சாரு. "மூணு பேரு உக்கார்ற சோபால ஒரே ஆளுதான் உக்காந்திருக்காரு தம்பி."

அப்புறம் பிரிச்சு வச்ச துணியெல்லாம் எடுத்து தரைல விரிச்சுப் பாத்தேன். வெல்வெட்டுல இடது சீட்டும் இடது கைப்பிடியும் முடி கொட்டுன தலை மாதிரி வழுவழுன்னு இருக்கு, கைப்பிடி மரத்துல வெளிப்பக்கமா சின்னச் சின்னதா கருக்குன குழி, மிளகு சைஸுல, ஏழெட்டு இருக்கு. சுருட்டு வச்ச எடம். நடு சீட்டு வலது சீட்டு வெல்வெட்டுக்கு ஒரு கேடும் இல்ல. மேல இருந்த ரெக்ஸின்ல பாத்தா வெயில் பட்ட முதுகுப் பக்கம்தான் வெடிச்சிருக்கு, சீட்டுல மூணுலயும் கீறல் இல்ல, அமுங்கல் இல்ல, கடைல போட்ட மடிப்பே தெரியுது.

அம்மாகிட்ட போட்டோ காட்டிக் கேட்டேன். "அந்த ரெக்ஸின் பெரியம்மாவ பொண்ணு பாக்க வர்றாங்கன்னு போட்டதுடா. அன்னைக்கு மாப்ள வீட்டுக்காரங்க உக்காந்தாங்க. அப்புறம் யாரு உக்காந்தா." தாத்தா? "அப்பா அதுல உக்காந்து நான் பாத்ததே இல்ல. எதுத்தாப்ல ஈஸி சேரப் போட்டு அதப் பாத்தாப்ல சாஞ்சிருப்பாரு. நாங்க ஏறுனா மட்டும் ஒரு சத்தம் போடுவாரு பாரு." அப்போ அந்தப் பள்ளம் பூரா முதலாளியோடது. நடு சீட்டுல கலெக்டர் மாதிரி எவனாச்சும் வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து நுனில உக்காந்திருப்பான், அவ்ளோதான். 150 ரூவா குடுத்து வாங்கியும் தாத்தா கணக்குல அது முதலாளி உக்கார்ற எடமாவே இருந்திருக்கு.

இடது சீட்டு ஸ்பிரிங் ஒம்போதையும் மாத்துனாத்தான் மட்டம் வரும். பெரிய கடைவீதிப் பக்கம் தேடுனதுல 8 இன்ச் உடுக்கை ஸ்பிரிங் எட்டுதான் இருந்துச்சு, ஒண்ணு 60 ரூவா, இப்போ யாரும் கேக்குறதில்லையாம். ஒம்போதாவதுக்கு பழசுலயே உயரமா இருந்த 6 இன்ச்ச எடுத்து, கையால இழுத்து 8 ஆக்கி, பின் வரிசை ஓரத்துல போட்டேன். பாய் வேணாம்னுதான் சொன்னாரு.

ஸ்பிரிங் கட்டறது பாக்க சுலபமா இருக்கும். கோணூசில சணல் நூல கோத்து ஒவ்வொரு ஸ்பிரிங் அடியையும் பட்டையோட நாலு எடத்துல தைக்கணும், அது சரி. மேல கட்டறதுதான் வித்தை. முன்னாடி பின்னாடி, இட வலம், ரெண்டு மூலைவிட்டம்னு ஒரு ஸ்பிரிங்குக்கு எட்டு பக்கமும் கயிறு போகணும், ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு சுத்து போட்டு இறுக்குற முடிச்சு. ஒரு கயிறு அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கும், அதுக்குத்தான் முடிச்சு, சும்மா சுத்திட்டுப் போனா ஒண்ணு அறுந்தா மொத்தமும் அவுந்துரும். 8 இன்ச்ச 6 இன்ச்சுக்கு அமுக்கிக் கட்டணும், நடுவுல உள்ளது அரை இஞ்சு கூட நிக்கலாம். நான் முதல் வரிசைய கையளவுல கட்டி, ஸ்கேல் வச்சுப் பாத்தா ஒரு பக்கம் அஞ்சேகால் ஒரு பக்கம் ஆறேமுக்கால், மாட்டு முதுகு மாதிரி. அவுத்துட்டு, ஆறு இன்ச்சுக்கு ஒரு ரீப்பர் கட்டைய வெட்டி பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு அந்த மட்டத்துக்கே கட்டுனேன். ரெண்டாவது தடவை 27ஐயும் கட்டி முடிக்க பதினோரு மணி நேரம். கட்டைவிரல் நகம் போனது இங்கதான், அமுக்கிப் பிடிச்ச ஸ்பிரிங் ஒண்ணு நழுவி எம்பிருச்சு.

முதுகுக்கு துணி போட பாய் பட்டறைக்கே சோபாவ கொண்டு போயாச்சு. அங்க பக்கத்துலயே ரிப்பேருக்கு வந்த ஒரு கல்யாண மேடை சோபா நின்னுச்சு, மகாராஜா சோபான்னு சொல்லுவாங்களே, அதான். முதுகு ஆறடி உயரம், உச்சில கிரீடம், ரெண்டு பக்கமும் மயிலு, தங்கக் கலரு, நடுவுல செவப்பு வெல்வெட்டு. தட்டுனா டொக்கு டொக்குங்குது, வேலைப்பாடு பூரா ஃபைபர்ல அச்சு ஊத்தி ஸ்க்ரூ போட்டது, சீட்டுக்கு அடில பிளைவுட், மேல மெல்லிசு ஃபோம். ஸ்பிரிங்கே இல்லையேன்னேன். "யாரு தம்பி உக்காந்து பாக்குறா, மூணு மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் பொண்ணு மாப்ள நின்னுக்கிட்டு கவர் வாங்குறாங்க. போட்டோல உசரமா வரணும், லாரில ஏத்த லேசா இருக்கணும், அவ்ளோதான்"ன்னாரு.

கிண்டலா எழுதல, நெசமாத்தான் சொல்றேன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்போ வம்சம் ஒண்ணுன்னு தெரிஞ்சுச்சு. பதினாலாம் லூயி காலத்துல வெர்சாய் அரண்மனைல ராஜா முன்னாடி கைப்பிடி நாற்காலி, ராணி மாதிரி ஒண்ணு ரெண்டு பேரத் தவிர, யாருக்கும் கெடையாது, டச்சஸ் பொம்பளைங்களுக்கு முதுகில்லாத ஒரு ஸ்டூலு, மத்தவங்க பெரும்பாலும் நிக்கணும், அந்த ஸ்டூலுக்கே அடிதடி. மேடை சோபாலயும் அதேதான், ஒரு ராத்திரிக்கு அவங்க ரெண்டு பேரு மட்டும் உக்காரலாம், மாமனாரு மாமியாரு எல்லாம் பின்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போகணும். செட்டியார் வீட்டு சோபால நூறு வருஷமா ஒருத்தருக்கு மட்டும் உக்கார எடம், மேடை சோபால மூணு மணி நேரத்துக்கு ரெண்டு பேருக்கு. நம்ம கல்யாணத்துக்கு 12,000 வாடகை குடுத்து உக்காந்தவன்தான் நானும்.

வெல்வெட்டு சொதப்பலுக்கு வர்றேன். முதுகுல பட்டன் வச்சு வைரம் வைரமா குழி விழுகும்ல, மேல 10 பட்டன், நடுல 9, கீழ 10, ஆக 29. பட்டனுக்கு பட்டன் 6 இன்ச். முதுகு 66 இன்ச்தானே, ஓரத்துக்கு கொஞ்சம் விட்டு 74ன்னு நானே வெட்டுனேன், பாய் தொழுகைக்குப் போயிருந்தாரு, வர்றதுக்குள்ள ஒரு வேலையாச்சும் முடிச்சு வைப்போம்னு. ரெண்டு துண்ட ஜாயின்ட் போட்டு அடிக்க ஆரம்பிச்சா ஆறாவது பட்டன்லயே துணி பத்தல, விண்ணுனு இழுத்துக்கிட்டு நிக்குது. அவர் வந்து ஒண்ணும் சொல்லல. டேப்ப எடுத்து ஒரு ஓட்டைலேர்ந்து ஃபோம் மேல ஏறி அடுத்த ஓட்டைக்குள்ள வரைக்கும் அமுக்கி அளந்து காட்டுனாரு, 8 இன்ச். மேலாக்க 6, ஏறி இறங்குனா 8. ஒம்போது இடைவெளிக்கு 72, ரெண்டு ஓரத்துக்கும் பத்து பத்து, 92 இன்ச் துணி வேணும். நான் வெட்டுனது ரெண்டு மீட்டர், மீட்டர் 520.

அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. வெல்வெட்டு அகலம் 54 இன்ச்தான், ஜாயின்ட் போட்டே ஆகணும், ஆனா நேரா தைச்சா வைரத்து நடுவுல கோடு தெரியும். பாய் ஜாயின்ட்ட மரம் அறுக்குற ரம்பப் பல்லு மாதிரி வளைச்சு வளைச்சு வெட்டித் தைக்கிறாரு, பல்லு ஒவ்வொண்ணும் பட்டன்லேர்ந்து பட்டனுக்குப் போற மடிப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது. எங்க ஜாயின்ட்டுன்னு தெரிஞ்ச நானே இப்போ தேடித்தான் பாக்கணும். 10 இன்ச் ஊசில நூலக் கோத்து பட்டன உள்ள இழுத்து, பின்னாடி சணல் துணிமேல ஒரு பஞ்சு உருண்டைய வச்சு அதுல முடிச்சுப் போடறாரு, வெறும் துணில முடிச்சுப் போட்டா நாளைக்கு அறுத்துக்கிட்டு வந்துருமாம். மடிப்பெல்லாம் கீழ பாத்துத்தான் விழணும், மேல பாத்தா தூசி தங்கும்.

வெல்வெட்ட கையால தடவிப் பாத்து முடி எந்தப் பக்கம் சாயுதுன்னு சாக்பீஸால பின்பக்கம் அம்புக்குறி போட்டுக்கங்க. நான் வலது கைப்பிடிக்கு துணி மிச்சம் பிடிக்கறேன்னு தலைகீழா வெட்டிட்டேன், அதே துணி உருளைலேர்ந்து எடுத்த துணி, மாட்டுனப்புறம் பாத்தா ஒரு கை மாதுளை, ஒரு கை கத்திரிக்காய். பிரிச்சு மறுபடி. முதல்ல 7 மீட்டர் வாங்குனேன், கடைசில 11 ஆச்சு.

பாலிஷ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பழச சுரண்டாதீங்க. நான் ஒரு கைப்பிடில மட்டும் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு சுருளோட கூர் மழுங்கிருச்சு, அதோட நிறுத்திட்டேன். மிச்சத்த ஸ்பிரிட்ல நனைச்ச துணியால அழுக்க மட்டும் எடுத்துட்டு, அவல் மாதிரி தகடு தகடா இருக்கற அரக்க ஸ்பிரிட்ல ஊற வச்சு வடிகட்டி, துணி உருண்டைல தொட்டு தொட்டு எட்டு கோட்டு. சித்திரை வெயில்ல கோட்டு போட்டு கைய எடுக்கறதுக்குள்ள காஞ்சுருது, விடிகாலைல பண்ணுங்க. சுருட்டுக் குழிய அடைக்கல. ஆசாரி அடைச்சுத் தர்றேன்னாரு, நான்தான் இருக்கட்டும்னேன்.

கூலில பெரிய ஆளு பாய்தான், அஞ்சு நாள், நாளைக்கு 1,200. வெல்வெட்டு 5,720. முதுகுக்கு 3 இன்ச் ஃபோம் 2,400, அத தப்பா முடிவெடுத்துட்டேன்னு இப்போ தோணுது, சீட்டுக்கு பழைய முடியையே போட்ட மாதிரி முதுகுக்கும் நாரும் முடியும் அடைச்சிருக்கலாம், நேரமில்லன்னு விட்டேன். கொண்டை ஆணி 350 எண்ணம், ஒண்ணு 3 ரூவா. அரக்கு, ஸ்பிரிட்டு 1,300. இலவம்பஞ்சு மூணு கிலோ 840. சணல் பட்டை, கோணித்துணி, காடா, நூலு எல்லாம் சேத்து 1,800 சொச்சம். காரைக்குடில இந்த மாதிரி நல்ல கண்டிஷன்ல இருந்தா இதுக்கு எத்தனையோ மடங்கு சொல்லுவாங்க, ஆனா விக்கறதா இருந்தா பழச தொட்டிருக்கவே கூடாது, அந்த வெளுத்த வெல்வெட்டுக்குத்தான் அங்க மதிப்பு.

அடுத்த தடவை செஞ்சா முதல் வேலையா வரப்புத் தையல போட்டோவோட சேத்து வீடியோவும் எடுப்பேன், பாய் இல்லாதப்போ கத்திரிக்கோல தொட மாட்டேன், ஸ்பிரிங் ஒம்போதும் கெடைக்கற வரைக்கும் மதுரைக்கோ சென்னைக்கோ சொல்லி வச்சு காத்திருப்பேன்.

ஏன்னா அந்த சத்தம். நேத்து ராத்திரி எல்லாம் முடிஞ்சு அம்மாவ கூட்டிட்டு வந்து உக்காருங்கன்னேன். இடது பக்கம் போகாம நடு சீட்டுல நுனில, சேலையக் கூட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. மெத்துன்னு இருக்குடான்னுட்டு எந்திரிச்சு உள்ள போயி சுங்குடி பெட்ஷீட் ஒண்ண எடுத்துட்டு வந்து மொத்த சோபாவுக்கும் விரிச்சுட்டாங்க, மாதுளை, பட்டன், வைரம் எல்லாம் உள்ள. யாராச்சும் வந்தா எடுத்துக்கலாமாம். நான் இடது சீட்டுல போயி நல்லா சாஞ்சு உக்காந்தேன், பின்பக்கத்துலேர்ந்து கிர்ர்னு ஒரு சத்தம், எந்திரிச்சா மறுபடி கிர்ர். நான் இழுத்து 8 ஆக்குன அந்த பழைய ஸ்பிரிங்கேதான், பழையபடி ஆறுக்கே எறங்கி கயித்துல ஒரஞ்சுக்கிட்டு நிக்குது. பாய்க்கு போன் பண்ணேன், அடிப் பட்டைய ரெண்ட மட்டும் கழட்டுனா கீழேர்ந்தே மாத்திரலாம், ஸ்பிரிங்க வாங்கி வச்சுட்டு கூப்பிடுங்கன்னாரு. மதுரைல ஒரு கடைல சொல்லி வச்சிருக்கேன்.